முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள்ள போய் என்ன செஞ்சாங்க?

தேன்மொழி_திருச்சி:
பொண்ணு எட்டாவது படிக்கிறா, பேச்சுப் போட்டிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிய எடுத்திருக்கா. தேடினா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் வருது, 1912ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் பட்டம், அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, பத்மபூஷண். நடுவுல எம்.எல்.சி.யா, அதாவது மெட்ராஸ் சட்டசபை உறுப்பினரா இருந்தாங்கன்னு ஒரே ஒரு வரி. அங்க என்னதான் பண்ணாங்க? தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1930ன்னு சில பேர் போடுறாங்க, 1947ன்னு சில பேர் போடுறாங்க, எது சரி?

செந்தில்_புதுகை:
ரெண்டுமே சரிதாங்க. மசோதா கொண்டு வந்தது 1930, சட்டமா ஆனது 1947. ஆனா அதுக்கு முன்னாடியே அவங்க செஞ்ச முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு, அத யாரும் பேசுறதில்ல.

எங்க ஊரு புதுக்கோட்டையில 1886ல பொறந்தவங்க, அப்பா நாராயணசாமி ஐயர், அம்மா சந்திரம்மாள் தேவதாசி குடும்பத்துல வந்தவங்க. பொண்ணுங்க சட்டசபைக்குள்ள உறுப்பினரா வரலாம்னு கதவு திறந்ததே 1926லதான். அந்த வருஷம் கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தல்ல நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்துட்டாங்க. முத்துலட்சுமி நியமன உறுப்பினரா உள்ள வந்தாங்க, ஓட்டு வாங்கி வரல. டாக்டர் தொழில் பாதிக்குமேன்னு முதல்ல தயங்கினவங்க, வந்ததும் சபை அவங்களயே துணைத் தலைவரா தேர்ந்தெடுத்துச்சு.

1927ல பொட்டுக்கட்டுற வழக்கத்த, அதாவது சின்னப் பொண்ணுங்கள கோயிலுக்குன்னு நேர்ந்துவிட்டு தேவதாசி ஆக்குறத, ஒழிக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க. தீர்மானம்னா அரசாங்கத்துக்கு பரிந்துரை, அவ்வளவுதான். அடுத்து 1929ல இந்து அறநிலையச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க பாருங்க, அதுதான் நான் சொல்ற வேலை. கோயில் சேவைக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்துச்சு, சேவை நின்னா நிலம் போயிடும், அதனால தலைமுறைக்கு ஒரு பொண்ணுக்காவது பொட்டுக்கட்டியே ஆகணும்னு ஒரு கட்டாயம். இந்தத் திருத்தம் அந்த நிலத்த சேவையில இருந்து பிரிச்சு அந்தப் பெண்களுக்கே சொந்தமாக்குச்சு. தடை பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு சோத்துக்கு வழி இருக்கணும்னு யோசிச்சிருக்காங்க. பாப்பாவ இதப் பத்தி கண்டிப்பா பேசச் சொல்லுங்க.

நிலா_கடலூர்:
செந்தில் சார் சொன்னதோட கொஞ்சம் சேத்துக்கிறேன். 1930ல மசோதாவ கொண்டு வந்துட்டு அதே வருஷம் அவங்க ராஜினாமா பண்ணிட்டாங்க, உப்பு சத்தியாகிரகத்துல காந்திய கைது பண்ணதுக்கு எதிர்ப்பா. அரசாங்கம் கொண்டு வராம உறுப்பினர் ஒருத்தரே கொண்டு வந்த மசோதா அது, எடுத்துட்டுப் போக அவங்களே சபையில இல்லன்னா யாரு தள்ளுவாங்க, 1937ல ராஜாஜி தலைமையில காங்கிரஸ் ஆட்சி வந்தும் நிறைவேறல, கடைசில 1947ல ஓமந்தூரார் ஆட்சியிலதான் சட்டம் ஆச்சு, பதினேழு வருஷம். அந்த நடுவுல எத்தனை சின்னப் பொண்ணுங்களுக்கு பொட்டுக்கட்டியிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு வயிறு எரியுது. ராஜினாமா பண்ணது தப்புன்னு சொல்லல, ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு.

குழந்தைத் திருமணத்துக்கு எதிராவும் சபையில பேசினாங்க, விபச்சார விடுதிகள ஒடுக்குற 1930 சட்டத்துக்கும் பாடுபட்டாங்க. அடைக்கலம் கேட்டு வந்த பொண்ணுங்கள மத்த விடுதியில சேத்துக்காதப்ப தன் வீட்டுலயே தங்க வச்சாங்க, அவ்வை இல்லம் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

இசைப்பிரியன்:
ஒரு பக்கமாவே போகுது இது. பெங்களூரு நாகரத்தினம்மாள் மாதிரி பெரிய கலைஞர்களே அந்த மசோதாவ எதிர்த்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தாங்க. சொத்துல உரிமை, படிப்பு, பாட்டு, நாட்டியம் இதெல்லாம் அந்தக் காலத்துல அவங்களுக்குத்தான் இருந்துச்சு. பாதிக்கப்படப் போறவங்கள ஒழுங்கா கேக்காம அவங்க மேலயே களங்கம் சுமத்திட்டாங்கன்னு அவங்களுக்கு கோவம், அந்தக் கோவத்துல நியாயம் இருக்குன்னு நான் நெனைக்கிறேன்.

செந்தில்_புதுகை:
நியாயம் இருக்குதான், நான் மறுக்கல. ஆனா நாகரத்தினம்மாள் மாதிரி பேர் வாங்கினவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்ங்க. அதே பின்னணியில வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊரா போய் இந்த வழக்கத்த எதிர்த்தாங்க, அவங்க குரலும் பாதிக்கப்பட்டவங்க குரல்தானே. எட்டு வயசுப் பொண்ணால சம்மதம் சொல்ல முடியாது, நான் அங்கதான் நிக்கிறேன்.

இசைப்பிரியன்:
குழந்தைங்க விஷயத்துல எனக்கும் மாற்றுக்கருத்து இல்ல சார். ஆனா அவங்க எதிர்த்தாங்கன்னு ஒரு வரியாவது அந்தப் பேச்சுல வரணும்.

நிலா_கடலூர்:
அக்கா, இன்னொண்ணு. சபையில காங்கிரஸ்காரரான சத்தியமூர்த்தி எதிர்த்தப்ப முத்துலட்சுமி பதிலடி கொடுத்ததா ஒரு வசனம் வாட்ஸ்அப்ல சுத்துது. சத்தியமூர்த்தி எதிர்த்தார்ங்கறது வேற, அந்த வசனம் வேற. மேடையில அத அவங்க வாயில போட வேணாம். 1930லயே தன் சட்டசபை அனுபவத்த அவங்களே இங்கிலீஷ்ல புத்தகமா எழுதியிருக்காங்க, அதுல இருந்து எடுத்துப் பேசட்டும்.

தேன்மொழி_திருச்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இனாம் நிலம் விஷயத்த சொன்னதும் பொண்ணு, பேச்ச அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்னு உக்காந்துட்டா. நாகரத்தினம்மாள் எதிர்ப்பும் சேத்துக்கிறா. நாலு நிமிஷம்தான் டைம், அதனால ஆஸ்பத்திரி பத்தி ரெண்டு வரி போதும்னு விட்டுட்டோம்.