நிலைமிதப்பில் சரியாக இருக்கும் கூலன்ட் வெப்பநிலை நெடும்பறப்பில் மட்டும் ஏறுகிறது: 170 கி.மீ. பயணத்துக்கு முன் உதவி தேவை

கொட்டகைக் கட்டுநர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாகங்களாக வரும் கிட் ஒன்றை வாங்கி நானே கட்டி முடித்த இரண்டு இருக்கை ஹெலிகாப்டர் ஒன்று என்னிடம் உள்ளது. நீரால் குளிரூட்டப்படும் பெட்ரோல் எஞ்சின், இரண்டு சுழல் இறக்கைகள் கொண்ட மேல் ரோட்டர், சறுக்குச் சட்டத்தின் மேல் நிற்கும் எளிய அமைப்பு. கட்டாயச் சோதனைப் பறப்பான 40 மணி நேரத்தை முடித்து, இன்றுவரை மொத்தம் 63 மணி நேரம் பறந்திருக்கிறேன். அவற்றில் பெரும்பகுதி விமானத்தளத்தைச் சுற்றியே கழிந்தது. 20 நிமிடத்துக்கு மேல் நேராகப் பறந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

தொழிற்சாலை அளவீட்டுக் கருவிகளைப் பழுது பார்த்து அளவுத்திருத்தம் செய்து தருவது என் தொழில். நேர்கோட்டில் 170 கி.மீ. தொலைவில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார்; சாலையில் மலையைச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் ஒரு வழிக்கு நாலரை மணி நேரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் அவரைச் சந்திக்க வேண்டும். இந்த முறை பறந்தே போய்விடலாம் என்ற எண்ணத்தில் இரண்டு ஒத்திகைப் பறப்புகளைச் செய்தேன். இரண்டிலும் ஒரே குறைபாடு.

புறப்படும்போது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) 82 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் நேராகப் பறக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலிருந்து அது மெல்ல ஏறி, இருபத்தைந்தாவது நிமிடத்தில் 96ஐத் தொடுகிறது. இரண்டாம் முறை 98ஐக் கண்டதும் ஒரு திறந்த வயல்வெளியில் இறக்கிவிட்டேன். என் கையேடு இடும் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக் கூடாத வரம்பு, 102. ஆனால் அதே நாளில், அதே 24 டிகிரி வெளிவெப்பநிலையில், தரையிலிருந்து சில அடி உயரத்தில் 15 நிமிடம் ஒரே இடத்தில் நிலையாக மிதந்தபோது (நிலைமிதப்பு) அளவி 84ஐத் தாண்டவில்லை. வேகத்தை 90 கி.மீ.க்குக் குறைத்தால் 91இல் நிற்கிறது.

கூலன்ட் மட்டம், மூடியின் அழுத்தம், விசிறி பெல்ட்டின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டேன். கூலன்ட் சூடானதும் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் இட்டுத் திறப்பதைச் சரிபார்த்தேன். குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றினேன், ரேடியேட்டரையும் கழுவினேன். கருவிப் பெட்டியைக் கொண்டு செல்வதற்காகப் போன மாதம் வலப்பக்கத்தில் அலுமினியத் தகட்டில் ஒரு சுமைக்கூடு செய்து பொருத்தினேன். அதன் எடையையும் சமநிலையையும் கணக்கிட்டுச் சரிபார்த்துவிட்டதால் அதில் பிரச்சினை இல்லை. பெரிய ரேடியேட்டர் போடுவதுதான் வழியா, அல்லது 90 கி.மீ. வேகத்திலேயே மெல்லப் போய்வரலாமா என்பதே என் கேள்வி.

கம்பிச்சுருள்

ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன் அளவியை நம்பலாமா என்று பாருங்கள். நெடும்பறப்பில் வானொலி, ரேடாருக்குப் பதில் சமிக்ஞை தரும் டிரான்ஸ்பாண்டர், மின்னும் விளக்கு எல்லாம் ஒருசேர ஓடும். அளவியின் தரைக்கம்பியும் இவற்றின் தரைக்கம்பியும் ஒரே திருகில் சேர்ந்திருந்து, அந்தத் திருகு துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால், சுமை கூடும்போது முள் இடம் மாறும். தரையில் எஞ்சினை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு கருவியாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். முள் குதித்தால் குற்றம் மின்கம்பியில். உங்கள் விவரிப்பில் அது குதிக்காமல் பத்து நிமிடம் எடுத்து ஊர்ந்து ஏறுவதால் உண்மையான வெப்பமாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனாலும் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமில்லை.

கைநெய்

நண்பரே, உங்கள் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. ஹெலிகாப்டர் எஞ்சினிடம் மிக அதிகமாக வேலை வாங்குவது ஏறுமுகத்தையும் விரைவான பறப்பையும் விட்டால் நிலைமிதப்புதான். முன்னோக்கி நகரத் தொடங்கியதும் ரோட்டருக்குக் கலங்காத புதிய காற்று கிடைப்பதால், மிதமான வேகத்தில் தேவைப்படும் ஆற்றல் நிலைமிதப்பில் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் குறைகிறது. 15 நிமிட மிதப்பை 84இல் தாங்கும் ரேடியேட்டர் சிறியதாக இருக்க முடியாது. அதைப் பெரிதாக்கினால் எடைதான் கூடும்.

நிலைமிதப்பில் விசிறி எல்லாப் பக்கமிருந்தும் காற்றை இழுக்கிறது. நேர்ப்பறப்பில் வெளிக்காற்று ஒரே திசையில் வேகமாக ஓடுவதால், ரேடியேட்டருக்குக் காற்று நுழையும் உள்வாய்க்கு முன்னால் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பின்புறம் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகும். விசிறி அந்தச் சுழலிலிருந்து காற்றைப் பிடுங்கப் போராடும். வேகம் கூடக் கூடச் சுழலும் வலுக்கும். 90இல் 91 டிகிரி, 130இல் 96 டிகிரி என்ற உங்கள் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. எனவே, "அதில் பிரச்சினை இல்லை" என்று ஒரே வரியில் நீங்கள் ஒதுக்கிவிட்ட சுமைக்கூட்டைப் பற்றியே கேட்கிறேன். அது ரேடியேட்டரின் உள்வாய்க்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சோதனைப் பறப்பின் 40 மணி நேரத்தில் அது பொருத்தப்பட்டிருந்ததா?

கொட்டகைக் கட்டுநர்

கம்பிச்சுருள் அவர்கள் சொன்ன சோதனையைச் செய்தேன், முள் அசையவில்லை. கூடுதலாக, மேல் குழாயில் தனியாக ஒரு உணரியைக் கட்டிப் பார்த்ததில் இரண்டுக்கும் வேறுபாடு 2 டிகிரிதான். அளவி பொய் சொல்லவில்லை.

கைநெய் அவர்களின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் சற்றுச் சங்கடமாக இருந்தது. கூடு உள்வாய்க்கு முன்னால், சற்றுக் கீழே, ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. சோதனைப் பறப்பின்போது அது இல்லை. நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது உள்வாய் முழுவதும் திறந்தே தெரிவதால் அது மறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கைநெய்

நிறுத்தி வைத்த ஹெலிகாப்டரில் கண் பார்ப்பது வேறு, மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் காற்று பார்ப்பது வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். கூட்டைக் கழற்றி, அதிலிருந்த மொத்த எடையைப் பயணி இருக்கையில் பட்டியால் இறுகக் கட்டி, அதற்கேற்பச் சமநிலையை மீண்டும் கணக்கிட்டு, அதே வேகத்தில் 30 நிமிடம் பறங்கள். எந்நேரமும் தளத்துக்குத் திரும்பும் தூரத்திலேயே வட்டமிடுங்கள். பிறகு கூட்டை மாட்டி, உள்வாயைச் சுற்றிக் கையகல நீளத்தில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, சறுக்குச் சட்டத்தில் ஒரு சிறிய கேமராவைப் பொருத்திப் பதிவு செய்யுங்கள். ஒட்டும் எதுவும் பின் ரோட்டர் பக்கம் பறந்துவிடாதபடி கவனம் தேவை. நூல் பின்னோக்கிப் படிந்திருந்தால் காற்று ஒழுங்காக ஓடுகிறது; துள்ளினாலோ முன்னோக்கித் திரும்பினாலோ அங்கே சுழல் இருக்கிறது.

மெல்லப் போகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அது பழுதோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதாகும். வெளிவெப்பநிலை 24லிருந்து 34 ஆனால், உங்கள் 91 ஏறத்தாழ 101 ஆகிவிடும்.

இன்னொன்று. வெளியில் ஒரு கூட்டைப் பொருத்துவது பல நாடுகளின் விதிகளில் பெரிய மாற்றமாகக் கருதப்படலாம். அப்படியானால் மறுபடியும் சோதனைக் கட்டத்துக்குத் திரும்பிக் குறிப்பிட்ட மணி நேரம் பறந்து, பதிவேட்டில் எழுதிய பிறகே வழக்கமான பறப்புக்கு வர வேண்டும். ஹெலிகாப்டரோடு வந்த இயக்க வரம்பு ஆவணத்தைப் படித்துப் பாருங்கள்.

பணிப்பறப்பாளர்

நான் ஹெலிகாப்டர் ஓட்டிப் பிழைப்பவன். எஞ்சின் வெப்பத்தைக் கைநெய் பார்த்துக்கொள்வார். நான் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் வெப்பம் சரியானதும் நீங்கள் உடனே கிளம்பிவிடுவீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது.

உங்கள் தொட்டியில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 60 லிட்டர் என்றும், மணிக்கு 30 லிட்டர் செலவாகும் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் வகை ஹெலிகாப்டருக்கு இது பொருத்தமான கணக்குதான். காற்றில்லாத நாளில் 170 கி.மீ.க்கு 78 நிமிடம், 39 லிட்டர். மீதம் 21 லிட்டர், அதாவது 40 நிமிடத்துக்குச் சற்று மேல். எதிரே 30 கி.மீ. காற்று அடித்தால் தரைவேகம் 100 ஆகிவிடும். 102 நிமிடம், 51 லிட்டர், மீதம் 18 நிமிடம். பகலில் கண்பார்வை விதிப்படி (வெளியே கண்ணால் பார்த்தே ஓட்டும் முறையில்) பறக்கும் ஹெலிகாப்டருக்கு அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்சக் கையிருப்பே 20 நிமிடம். அதாவது, சாதாரணமான ஒரு காற்று வீசும் நாளில் நீங்கள் அந்த வரம்புக்குக் கீழே போய்விடுகிறீர்கள். 90 கி.மீ. வேகத்தில் போவதானால் அதே காற்றில் 2 மணி 50 நிமிடம் ஆகும். தொட்டி அதற்கு முன்பே வற்றிவிடும். திரும்பும்போது அதே காற்று உதவுமே என்பார்கள். போகையில் இழந்த நேரம் முழுவதும் திரும்புகையில் கிடைப்பதில்லை: போக 102, வர 64, ஆக 166 நிமிடம், காற்றில்லாவிட்டால் 156. ஆகவே வழியில் எரிபொருள் கிடைக்கும் ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, இரு வழியிலும் அங்கே இறங்குவதாகவே திட்டமிடுங்கள். விமானி அறைக்குள் கேனில் எரிபொருள் எடுத்துச் செல்லும் யோசனை இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள்.

பாதையைப் பற்றி. எஞ்சின் நின்றால் உங்கள் ரோட்டர் எடை குறைந்தது என்பதால் சுழற்சி மிக விரைவில் விழும். கலெக்டிவை (ரோட்டர் இறக்கைகளின் சாய்வை ஒருசேர மாற்றும் நெம்புகோலை) இறக்க ஓரிரு வினாடிதான் கிடைக்கும். ஆட்டோரொட்டேஷனில் (எஞ்சின் இல்லாமல், கீழிருந்து வரும் காற்றால் ரோட்டர் சுழல இறங்கும்போது) 1,000 அடியிலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 40 வினாடி; எட்டக்கூடிய தூரம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நேர்கோடு மலைமேல் போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். வயல்வெளி ஓரமாக 20 கி.மீ. சுற்றிப் போங்கள், அந்த 20 கி.மீ.யையும் எரிபொருள் கணக்கில் சேருங்கள். இந்த வகையில் தானியங்கி ஓட்டும் அமைப்பு கிடையாது. வலக்கையை, திசையைக் கட்டுப்படுத்தும் பிடியான சைக்ளிக்கிலிருந்து எடுக்கவே முடியாது. வரைபடத்தைப் பிரிக்கவும் தண்ணீர் குடிக்கவும் மூன்றாவது கை தேவைப்படுவதை அரை மணி நேரத்தில் உணர்வீர்கள்.

தொழிற்சாலை வாகன நிறுத்தத்தில் இறங்குவதாக வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டீர்களா? அங்கே மின்கம்பிகள், பறக்கும் தகரம், கையில் கைப்பேசியுடன் ஓடிவரும் ஊழியர்கள், கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் பின் ரோட்டர் எல்லாம் ஒன்றுசேரும். அருகிலுள்ள தளத்தில் இறங்கி வாடகைக் காரில் போய்விடுங்கள்.

கடைசியாக, முக்கியமாக ஒன்று. "காலை 10 மணிக்கு வந்துவிடுவேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படாதீர்கள். அந்த வாக்குதான் தாழ்ந்த மேகத்துக்குக் கீழே உங்களைத் தள்ளும். 98 டிகிரியைப் பார்த்தும் "இன்னும் பத்து நிமிடம்தானே" என்று எண்ண வைக்கும். வெறும் ஒத்திகை என்பதால்தான் அன்று வயலில் இறக்கினீர்கள். மறுமுனையில் பத்துப் பேர் காத்திருந்தால் இறக்கியிருப்பீர்களா?

புதுக்கற்றுநர்

இடையில் ஒரு சந்தேகம். வீட்டில் கட்டிய ஹெலிகாப்டரைத் தொழில் நிமித்தமாகப் பயன்படுத்த அனுமதி உண்டா?

பணிப்பறப்பாளர்

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க விதிகளில், வீட்டில் கட்டியவற்றில் கூலிக்கு ஆளையோ பொருளையோ ஏற்றக் கூடாது. ஆனால் தனியார் உரிமம் உள்ளவர் தன் வேலைக்காகத் தானே பறந்து செல்வது, பறப்பு அந்த வேலையின் துணைச்செயலாக மட்டும் இருக்கும்வரை, தடுக்கப்படவில்லை. காப்பீட்டு ஒப்பந்தம் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொட்டகைக் கட்டுநர்

முடிவைத் தெரிவிக்கிறேன். கூட்டைக் கழற்றி, அதே எடையை இருக்கையில் கட்டி, தளத்தைச் சுற்றி 130 கி.மீ. வேகத்தில் 35 நிமிடம் பறந்தேன். கூலன்ட் 83ஐத் தாண்டவில்லை. கூட்டை மாட்டி நூல் ஒட்டிப் பறந்தபோது, 110 கி.மீ. வரை நூல்கள் சாய்ந்தே இருந்தன. அதற்கு மேல் உள்வாயின் கீழ்ப்பாதியில் இருந்தவை நேர் முன்னோக்கித் திரும்பிவிட்டன. அந்தப் பதிவை மூன்று முறை பார்த்தேன். உள்வாயின் பாதி, காற்றை வாங்குவதற்குப் பதிலாக வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆக, வாடிக்கையாளரைச் சந்திப்பதற்காக நான் பொருத்திய கூடுதான் அவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. எடையும் சமநிலையும் சரியாக வந்ததும் கணக்கு முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் வரும் சந்திப்புக்குக் காரில்தான் போகிறேன். 12 கிலோ கருவிப் பெட்டியும் என்னோடு காரில் வருகிறது. கூட்டை உள்வாய்க்குப் பின்புறம் மாற்றி, முன்முனையைக் கூராக்கிப் புதிதாகச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். சோதனை மணி நேரம் எவ்வளவு வேண்டும் என்று ஆய்வாளருக்கு எழுதியிருக்கிறேன். பின்புறம் மாற்றுவதால் சமநிலை பின்னோக்கிச் செல்லும். தனியாகப் பறக்கும்போது முன்புறம் வைக்கும் ஈயப் பாரத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற கணக்கை நாளை பதிவிடுகிறேன், கைநெய் அவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

கைநெய்

பதிவிடுங்கள். தொட்டி நிறைந்த நிலை, காலியான நிலை என்று இரண்டு கணக்கும் வேண்டும். கூட்டின் முன்முனைத் தகட்டை மடிக்கும் முன் அட்டையில் ஒரு மாதிரி வெட்டிப் பொருத்திப் பாருங்கள்.