அப்பம்மாவின் எண்பதும் ஐந்து குரல்களும்

பெரியப்பா: அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளை ஆகஸ்டில் சிட்னியில் தம்பி வீட்டில் கொண்டாடுவது முடிவாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் ஐவரும் என்ன பாடப் போகிறார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

லண்டன் மாமி: அவுஸ்திரேலியாவுக்கு விசா எடுக்க வேண்டுமா, அண்ணா?

அக்கா: இது கனடாவில் கேப் பிரெட்டன் தீவில் உள்ள சிட்னி, மாமி. போன தடவையும் இதையே கேட்டீர்கள்.

சித்தப்பா: இந்தத் தீவில் கூடுவதால், இங்கே பிறந்த ராங்கின் குடும்பம் என்ற இசைக்குழுவின் பாட்டொன்றைப் பாடுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். மேற்குக் கரையில் மாபூ என்ற சிற்றூரில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்து, அயலாரின் கொண்டாட்டங்களில் பாடி வளர்ந்த ஜான் மோரிஸ், ஜிம்மி, ரேலீன், குக்கி, ஹெதர் என்ற ஐவரும் 1989இல் தாங்களாகவே முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். 1994இல் அவர்களுக்குக் கனடாவின் இசை விருதுகளான ஜூனோ விருதுகள் நான்கு கிடைத்தன. பியானோவும் பிடிலும் ஜான் மோரிஸ், கிற்றார் ஜிம்மி என்றாலும், காதில் நிற்பது மூன்று சகோதரிகளின் குரல்கள்தான். ஒருத்தி மெட்டைப் பிடிக்க, மற்ற இருவரும் அதே சொற்களை வேறு சுரங்களில் அவளோடு சேர்ந்தே பாடுவார்கள். ஒரே வீட்டில் பேசிப் பழகிய நாக்கு என்பதால் சொற்கள் பிசிறாமல் ஒன்றாக முடியும். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த முன்னோரின் கேலிக் மொழியிலும் அவர்கள் அப்படியே பாடினார்கள்.

லண்டன் மாமா: இவ்வளவு நீளச் செய்தியையும் வாசித்து முடித்துவிட்டேன்.

பெரியப்பா: ஐவரும் ஒரே சுரத்தில் நிற்பதுதான் சேர்ந்து பாடுவது. ஆளுக்கொரு சுரம் பிடித்தால் அதைக் கேட்க அம்மா ஏன் வர வேண்டும்?

அக்கா: என் கல்யாணத்தில் நீங்களும் சித்தப்பாவும் ஆளுக்கொரு சுரத்தில்தான் பாடினீர்கள், பெரியப்பா.

லண்டன் மாமா: அதன் பெயர் ஒத்திசைவு அன்று, வழக்கு.

பெரியப்பா: சுருதிப்பெட்டியை அரைக்கட்டை கூட்டி வைத்தது யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சித்தப்பா: நான் அதைத் தொடவே இல்லை, அண்ணா.

லண்டன் மாமி: மறுபடியும் தொடங்க வேண்டாம். தம்பி, அந்தக் குடும்பத்தார் இப்போதும் சேர்ந்து பாடுகிறார்களா?

சித்தப்பா: இல்லை, அக்கா. 1999இல் குழுவாகப் பாடுவதை நிறுத்தினார்கள். சில மாதங்களில், 2000 ஜனவரியில், ஜான் மோரிஸ் ஓட்டிச் சென்ற வண்டி கரையோரச் சாலையிலிருந்து கடலில் விழுந்து அவர் இறந்துபோனார். மற்றவர்கள் 2007இல் மறுபடியும் ஒன்றுசேர்ந்தார்கள்; 2012இல் ரேலீனைப் புற்றுநோய் கொண்டுபோனது. ஜிம்மி தனியாகப் பாடிவருகிறார்.

லண்டன் மாமி: ஐயோ.

பெரியப்பா: சரி, மேல்சுரத்தை எந்தப் பிள்ளை பாடும்?

அக்கா: மெட்டை நான் பிடிக்கிறேன், மேல்சுரம் தங்கைக்கு வரும். கடைக்குட்டித் தம்பிக்குக் குரல் உடைந்துகொண்டிருப்பதால், அவன் எந்தச் சுரத்தில் நிற்பான் என்று ஆகஸ்டில்தான் தெரியும்.

லண்டன் மாமா: போகும் வழியில் மாபூவைப் பார்க்கலாமா?

சித்தப்பா: கான்சோ கடற்பாலச் சாலையைத் தாண்டித் தீவுக்குள் வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் மாபூவுக்குப் போகலாம். அந்தச் சகோதரிகள் வாங்கி நடத்திய ரெட் ஷூ என்ற உணவகமும் அங்கேதான் இருக்கிறது.

பெரியப்பா: அம்மாவால் அவ்வளவு நேரம் வண்டியில் இருக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். சுருதிப்பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.

சித்தப்பா: கொண்டுவாருங்கள், அண்ணா. எந்தப் பாட்டு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.