மூணு டெஸ்ட் மார்க்கை அப்படியே கூட்டி வகுக்கலாமா?

வடசேரி கணக்கு:
"மார்க்கெல்லாம் கூட்டு, மொத்தத்தால வகு. எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான்"னு காலையில ஒருத்தர் போட்டிருக்காரு. சுத்தத் தப்பு. 25க்கு 20, 50க்கு 31, 100க்கு 67 எடுத்த பிள்ளையைப் பாருங்க. கூட்டினா 175க்கு 118, அதாவது 67.43 சதவீதம். தனித்தனி சதவீதம் 80, 62, 67; அதோட சராசரி 69.67. எங்க ஓய் ஒரே விடை?

மார்த்தாண்டம் எக்செல்:
அது என் பதிவுதான், பேரைச் சொல்லியே கேளும். சின்ன 25 மார்க் டெஸ்டும் மூணு மணி நேர அரையாண்டும் ஒரே தராசுலயா? கூட்டி வகுக்கதுதான் நியாயம்.

வடசேரி கணக்கு:
நியாயத்தை யாரு கேட்டா? "ஒரே விடை"ன்னு எழுதினது சரியா, தப்பா? கூட்டி வகுத்தா அந்த 25 மார்க் டெஸ்டுக்கு எடை, அதாவது மொத்தத்துல அதோட பங்கு, 14.29 சதவீதம். அதே டெஸ்டை 50க்கு நடத்தினா 25 சதவீதம் ஆகும். கேள்வித்தாள் அடிச்சவரு எடையையும் தீர்மானிச்சிட்டாரு! எடையை முதல்லயே வைக்கணும். 20, 30, 50னு வச்சா 16 + 18.6 + 33.5 = 68.1. கடைசியில ஒரு தடவை மட்டும் முழு எண்ணாக்கினா 68. ஒவ்வொண்ணையும் முழு எண்ணாக்கிட்டுக் கூட்டினா 16 + 19 + 34, 69 வந்து நிக்கும்.

குழித்துறை டீச்சர்:
ஆப்சென்ட் ஆன பிள்ளைக்கு என்ன செய்வீங்க சார்? இதே பிள்ளை 50 மார்க் டெஸ்ட் எழுதலைன்னா, மார்க்கை எடையால பெருக்கிக் கூட்டுற எக்செல் சம்ப்ராடக்ட் வெத்துக் கட்டத்தை 0ன்னு எடுத்து 49.5 காட்டும். எழுதின டெஸ்டுகளோட எடை 0.70ஆல வகுக்கணும்; 70.71 வரும். ரேங்க் கார்டுல அதிகம் தப்புறது இங்கதான்.

மார்த்தாண்டம் எக்செல்:
டீச்சர், அதை எக்செல்ல சராசரி எடுக்குற ஆவரேஜ் போட்டா வெத்துக் கட்டத்தை அதுவே விட்டுரும்.

குழித்துறை டீச்சர்:
ஆவரேஜுக்கு எடையே தெரியாதே சார். எல்லாத்தையும் சமமா எடுக்கும். நீங்க திட்டுனதே அதைத்தானே?

மார்த்தாண்டம் எக்செல்:
பிளஸ் டூவுல செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அரசு அப்படியே கூட்டத்தானே செய்யுது? அரசுக்கும் கணக்கு தெரியாதோ?

வடசேரி கணக்கு:
எடையை முதல்ல வச்சு அதுக்கேத்தாப்ல தாள் போட்டதால கூட்டுகாங்க. அதுலயும் வெறும் கூட்டல் போதாது: செய்முறையும் அகமதிப்பீடும் முழு 30 வாங்கி, எழுத்துல 14 எடுத்தா மொத்தம் 44. ஆனா பெயில், எழுத்துல 15 வேணும். 2021ல கொரோனாவால பிளஸ் டூ பரீட்சை இல்லாதப்போ பத்தாம் வகுப்புக்கு 50, பதினொண்ணுக்கு 20, பன்னிரண்டுக்கு 30னு எடையை அறிவிச்சிட்டுத்தான் கணக்கு போட்டாங்க. "ஒரே விடை"க்கு இன்னும் பதில் வரல்ல.

மார்த்தாண்டம் எக்செல்:
உங்களைப் போல நாகர்கோவில்காரங்களுக்கு நாங்க எதைச் சொன்னாலும் இளப்பம்தான். போன மாசம் கிரேடு விஷயத்துலயும் இதே ஆட்டம்.

வடசேரி கணக்கு:
ஊரை எதுக்கு இழுக்கீரு? அந்தக் கிரேடு விஷயத்துல 90.5ஐ 91 ஆக்கி, 91லருந்து தொடங்குற ஏ1 கிரேடு போட்டதும் நீருதான். 67.43, 69.67. ரெண்டும் ஒண்ணா?

மார்த்தாண்டம் எக்செல்:
90.5ஐ 91 ஆக்காம பின்ன 90 ஆக்கவா? அதை முதல்ல சொல்லும்.