84-ல போன அந்த 5 புள்ளி

சித்தப்பா: அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சி, கலிஃபோர்னியாவுல இருக்கற யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துல சேர்ந்ததே பாஸ்கெட்பால் ஸ்காலர்ஷிப்ல. அதை விட்டுட்டு ஹெப்டத்லான் (ரெண்டு நாள்ல ஏழு தடகளப் போட்டி, எல்லாத்தோட புள்ளியையும் கூட்டறது) மட்டும் பாத்திருந்தா 1984 ஒலிம்பிக்லயே தங்கம் வந்திருக்கும்.

அண்ணன்: இல்ல சித்தப்பா. 1983-84 சீசன்ல அவங்க பாஸ்கெட்பால் ஆடவே இல்ல. ரெட்ஷர்ட் எடுத்துட்டு, அதாவது கல்லூரி டீம்ல இருந்துக்கிட்டே ஒரு சீசன் ஆடாம உக்காந்து, ஒலிம்பிக்குக்குத்தான் தயாரானாங்க.

மலர்: ரெட்ஷர்ட்னா டீம்ல இடம் போயிடாதா?

அண்ணன்: போகாதும்மா. அப்போதைய விதிப்படி அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன் ஆடலாம், ஒண்ணு உக்காரலாம். 84-85ல திரும்ப வந்து ஆடினாங்க. அதுக்கு முன்னாடியே 1982, 83 ரெண்டு வருஷமும் கல்லூரி ஹெப்டத்லான் சாம்பியன்.

அத்தை: தங்கம் போனதுக்குக் காரணம் தொடை. ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை வலியோடதான் இறங்கினாங்க. தங்கம் வாங்கின ஆஸ்திரேலியாவோட கிளெனிஸ் நன் 6390 புள்ளி, ஜாக்கி 6385. லாங் ஜம்ப் வெறும் 6.11 மீட்டர். இப்போதைய புள்ளி அட்டவணைப்படி அந்தத் தூரத்துல 1 செ.மீ.க்குச் சுமார் 3 புள்ளி. 800 மீட்டர்ல 1 விநாடிக்குச் சுமார் 14. கணக்குப் போட்டுப் பாருங்க, மனசு ஆறாது.

சித்தப்பா: 2 செ.மீ.! அடக் கடவுளே.

அத்தை: முதல் நாள் கடைசியா 200 மீட்டர், மறுநாள் முதல் ஐட்டம் லாங் ஜம்ப். ராத்திரில தொடை இறுகிடும். ஓடிவர்ற அடி குறையும், தாண்டக் கால் வைக்கற பலகை தப்பும். வாய்ப்பும் மூணுதான், தனிப் போட்டி மாதிரி ஆறு கிடையாது.

மலர்: அப்ப எனக்கு? என் பாஸ்கெட்பால் சீசன் முடிஞ்சதும் டிராக் ஆரம்பிக்குதே அத்தை.

அத்தை: மறுநாளே ஸ்பைக்ஸ் (ஆணி வெச்ச ஓட்ட ஷூ) மாட்டாதே. கோர்ட் நீளம் 28 மீட்டர், நடுவுல நின்னு திரும்பி ஓடறதுதான், முழு வேகம் வரவே வராது. அந்தக் காலோட திடீர்னு 100 மீட்டர் போனா பின்தொடை பிடிச்சுக்கும். முதல் வாரம் 30 மீட்டர், முக்கால் வேகம், சாதா ஷூ. அடுத்து 60. மூணாவது வாரம்தான் ஸ்பைக்ஸ். வாரத்துல ரெண்டு நாள் நார்டிக் கர்ல் (முட்டி போட்டு, கணுக்காலை யாராவது பிடிச்சுக்க, உடம்பை மெல்ல முன்னால சாய்க்கற பயிற்சி), 5 வீதம் 2 செட் போதும். வலிச்சா அன்னிக்கு நிறுத்திடு.

அண்ணன்: ஆனா பாஸ்கெட்பாலை விடாதே. லே-அப்ல, அதாவது ஓடிவந்து கூடைக்குப் பக்கத்துல பந்தைப் போடறப்ப, ஒத்தைக் கால்ல எழும்பறது ஹை ஜம்ப்புக்கு நல்லாவே உதவும்.

அத்தை: உண்மை. பாஸ்கெட்பால் ஆடின அதே ஜாக்கிதான் 1988 சியோல் ஒலிம்பிக்ல ஹெப்டத்லான் லாங் ஜம்ப்ல 7.27 தாண்டி, அதுல மட்டும் 1264 புள்ளி எடுத்தாங்க. மொத்தம் 7291, இன்னும் யாரும் தொடல.

மலர்: சரி அத்தை, திங்கள்லேர்ந்து 30 மீட்டர்.