பண்டாரவளை ஞாயிறு சந்தை: 16 பேரோடு போவது எப்படி?

கோவைப் பயணி
வணக்கம். ஆகஸ்ட்டில் 16 பேர் இலங்கையில் எல்ல என்ற ஊருக்கு வருகிறோம், நாலு பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஞாயிறு காலை பண்டாரவளைச் சந்தைக்குப் போகணும். எத்தனை மணிக்குப் போனால் நல்லது? ஆள் பிரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? மழை இருக்குமா? யூபிஐ நடக்குமா? பட்டையும் தேயிலையும் வாங்கணும்.

ஊவாக்காற்று
ஆகஸ்ட் மழைக்குப் பயப்படாதீங்க. தென்மேற்குப் பருவமழையை ஹட்டன் பக்கத்து மலைகளே வாங்கிக்கொள்ளும்; பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்தில் வறண்ட காற்றுதான். சேற்றை விடத் தூசிதான் தொல்லை.

ஏழரைக்கே சந்தையில் நில்லுங்க. பிறகு தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. 10ஆம் திகதியளவில் தோட்டச் சம்பளம். அதை ஒட்டி வரும் ஞாயிறு நெரிசல் இன்னும் கூடும், முடிந்தால் அதைத் தவிருங்க.

16 பேரும் ஒரே வரிசையாப் போகவே கூடாது. முன்னால் போறவர் ஒரு கடையில் நின்றது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, அங்கேதான் ஆள் பிரியுது. கடைக்காரருக்கும் வழி அடைபட்டு வியாபாரம் கெடும். நாலு நாலு பேராப் பிரிந்து, ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெரியவரும் ஒரு உள்ளூர் சிம்மும் இருக்கட்டும். சேரும் இடத்தைச் சந்தைக்குள் வைக்காதீங்க. எந்த வரிசையைப் பார்த்தாலும் அதே லீக்ஸ் கட்டு, அதே கரட் குவியல். ரயில் ஸ்டேஷன் வாசல் என்று பேசிக்கொள்ளுங்க. தார்ப்பாய்க் கயிறுகள் கழுத்து உயரத்தில் இழுத்துக் கட்டியிருக்கும், உயரமானவங்க கவனம்.

கொழுந்துக்கூடை
2024இலிருந்து லங்கா கியூஆர் (இலங்கையின் கியூஆர் கட்டண முறை) உள்ள கடைகளில் யூபிஐ வேலை செய்யுது. ஆனா பொலவில் (சந்தையில்) மரக்கறிக்காரரிடம் அதை நம்பிப் போகாதீங்க, காசுதான். விடியக்காலையில் 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இருக்காது. முந்தின நாளே நூறாகவும் ஐந்நூறாகவும் மாத்தி வைங்க.

அட்டையில் உள்ள விலை கிலோவுக்கா, 250 கிராமுக்கா, 100 கிராமுக்கா என்று நிறுக்க முன்னமே கேளுங்க. கருவாடு, மாசி (காய வைத்த சூரை மீன்), செத்தல் (காய்ந்த) மிளகாய்க்கு 100 கிராம் விலை எழுதுவாங்க. தகராறு அதிகம் தொடங்குற இடம் இதுதான்.

தமிழிலேயே பேசலாம், சில பெயர்தான் வேற: பீன்ஸ் இங்கே போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா, பப்பாளி பப்பாசி, பட்டை கறுவா. படம் எடுக்க முன்னம், "அக்கா, ஒரு போட்டோ எடுக்கவா?" என்று கேட்டுடுங்க.

கறுவாக் குச்சியின் முனையைப் பாருங்க. காகிதம் போல மெல்லிய தோல் அடுக்கடுக்காச் சுருண்டு, சுருட்டு மாதிரி உள்ளே நிறைந்திருந்தால் நல்லது. விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தடித்த ஒற்றைத் தோலும் நடுவில் ஓட்டையும் இருந்தால் அது கசியா, உங்க ஊர் மளிகைக்கடையில் பெரும்பாலும் கிடைக்குற பட்டை. அல்பா என்பது 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குச்சி, விலை கூட. பிரியாணிக்கு அதைவிடத் தடித்த சி4, சி5 தரங்கள் போதும். பொடியா மட்டும் வாங்காதீங்க.

கோவைப் பயணி
ரொம்ப நன்றிங்க. சாக்கில் வைத்து விற்கும் தேயிலையை வாங்கலாமா?

ஊவாக்காற்று
பக்கத்தில் கருவாட்டுக் கடை இருந்தால் வேண்டாம். தேயிலை ஈரத்தையும் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். வாள் ஏந்திய சிங்கம் போட்ட பக்கெட் (பாக்கெட்) வாங்குங்க. அது தேயிலைச் சபையின் முத்திரை, முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது. பாலில் கொதிக்க விடுறதுக்கு டஸ்ட் (தூள்) அல்லது பிஓபிஎஃப் (சிறு துணுக்கு இலை) தரம் கேளுங்க. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவா சீசன், அந்த வாசம் பாலில் அமுங்கிப்போகும். ஒரு பக்கெட்டாவது பிளேன்டீக்குன்னு (பால் சேர்க்காத தேநீருக்கு) தனியா வைங்க. மாசி வாங்கினால் அதைத் தேயிலையோட ஒரே பெட்டியில் வைக்காதீங்க.