'தொடர்வீழ்வு', 'விஞ்சுவீழ்வு': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கட்டடத்தின் ஓர் உறுப்பு உடைந்ததும் சேதம் உறுப்புக்கு உறுப்பு தாவிப் பெரும்பகுதி விழுந்துவிடுவதை ஆங்கிலத்தில் 'புரோகிரசிவ் கொலாப்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'முற்போக்குச் சரிவு', 'படிப்படியான சரிவு', 'சங்கிலிச் சரிவு' என்று இக்கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்ட மூன்று சொற்களையும், வெடிப்பையும் மோதலையும் தாங்க வேண்டிய கட்டடங்களுக்குக் கணக்கிடும் கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் எடைபோட்டுப் பார்த்தேன். 'முற்போக்குச் சரிவு' ஏற்கத்தக்கதன்று. முற்போக்கு என்பது தமிழில் ஒருவரின் கருத்துநிலையைக் குறிக்குமே அன்றி, ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்குச் சேதம் தாவுவதைக் குறிக்காது. 'படிப்படியான சரிவு' மெதுவாக நிகழ்வது போன்ற மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் பெரும்பாலும் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. 'சங்கிலிச் சரிவு' பொருளுக்கு நெருங்கி வருகிறது என்றாலும், கூரையின் சாய்மானத்தையும் நாங்கள் சரிவு என்றே எழுதுவதால், ஒரே அறிக்கையில் ஒரு சொல் இரு பொருள் தரும்.

இக்கருத்து பொறியியலில் வேரூன்றக் காரணமான நிகழ்வையே உரைகல்லாகக் கொள்வோம். 1968 மே 16 அன்று இலண்டனில், ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் தளத்தில் எரிவாயு வெடித்தது. வெடிப்பு தள்ளி வீழ்த்தியது அந்த வீட்டின் சுமைதாங்கும் சுவர்ப் பலகங்களைத்தான். அவை நீங்கியதும் மேலிருந்த தளங்கள் தாங்கலிழந்து விழுந்தன, விழுந்தவற்றின் எடை கீழ்த்தளங்களையும் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு இறங்க, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் போயிற்று, நால்வர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வில் இரண்டு கருத்துகள் பிணைந்துள்ளன: சேதம் தொடர்ந்து பரவியது ஒன்று, தொடக்கக் காரணத்தின் அளவை விளைவு மிஞ்சியது மற்றொன்று. பின்னதை 'டிஸ்புரபோர்ஷனேட் கொலாப்ஸ்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று நண்பர் ஒருவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. திட்டமிட்டுக் கட்டடம் தகர்ப்போர் சில தூண்களை மட்டும் வெடிவைத்து அறுத்து, எஞ்சியதைத் தன் எடையாலேயே விழச் செய்கிறார்கள். அங்கே தொடர்ச்சி உண்டு, ஆனால் அந்த விளைவு வேண்டப்பட்டது. மாறாக, ஒற்றைத் தூண்மீது நிற்கும் கூரையின் தூணில் வண்டி மோதினால் கூரை முழுதும் ஒரே வீழ்ச்சியில் தரைக்கு வந்துவிடும். அங்கே மிகை உண்டு, தொடர்ச்சி இல்லை.

ஆகவே முன்னதற்குத் 'தொடர்வீழ்வு' என்றும், பின்னதற்கு 'விஞ்சுவீழ்வு' என்றும் முன்மொழிகிறேன். 'விகிதமற்ற வீழ்வு' என்றால் விகிதமே இல்லை என்று பொருள்படும். காரணத்தை விளைவு விஞ்சுகிறது என்பதே நாம் சொல்ல வேண்டியது. இரண்டும் 'தொடர்கதை', 'சுடுசோறு' போன்ற வினைத்தொகைகளாதலால் இடையில் ஒற்று மிகும் சிக்கலும் எழாது. 'தொடர்வீழ்வுத் தடுப்பு', 'தொடர்வீழ்வுப் பகுப்பாய்வு' என்று இயல்பாகக் கிளைச்சொற்களும் பிறக்கும்.

இப்பகுப்பாய்வில் நாங்கள் கணினி மாதிரியிலிருந்து ஒரு தூணை நீக்கிவிட்டு, அது சுமந்த எடை அண்டை உத்திரங்கள் வழியே பிற தூண்களைச் சென்றடைகிறதா என்று பார்க்கிறோம். அதற்கு 'மாற்றுச் சுமைவழி' என்பதே போதும், புதுச்சொல் வேண்டியதில்லை. அத்தகைய வழி அமையாதபோது, அத்தூணை நீங்கவே கூடாத உறுப்பாகக் கருதித் தனியே வலுப்படுத்துகிறோம். பிரித்தானிய நடைமுறையில் அத்தகைய உறுப்பு சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 'கீ எலிமென்ட்' எனப்படும் இதைச் சிலர் 'திறவு உறுப்பு' என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அது எதையும் திறப்பதில்லை. உடலில் அடிபட்டால் உயிர்போகும் இடத்தை உயிர்நிலை என்கிறோம் அல்லவா? 'உயிர்நிலை உறுப்பு' என்று எழுதினால், கட்டுமான இடத்தில் கம்பி கட்டுபவருக்கும் அதன் முதன்மை விளங்கும்.

'வீழ்வு' என்பதைவிட 'இடிவு' பொருந்தும் எனக் கருதுவோர், மேற்கண்ட கிளைச்சொற்களோடு அதைச் சேர்த்து எழுதிக்காட்டும்படி வேண்டுகிறேன்.