ஐ.வி.ஐ.ஜி.க்குத் தமிழ்: ‘கொடைப் பிறபொருளெதிரி’

அன்பின் நண்பர்களுக்கு,

ஐ.வி.ஐ.ஜி. (IVIG) என்பது குருதியிலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகளை (antibodies, கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) உடலில் ஏற்றும் மருந்து. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா தந்த ‘நோயெதிர்ப்பு ஊட்டம்’ காதுக்கு இனிமையான சொல். ஆனாலும் அதை ஏற்க மனம் வரவில்லை. கவசாக்கி (Kawasaki) என்ற காய்ச்சல் நோய் வந்த பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை. அந்தச் சக்தியே கட்டுமீறித் தன் குருதிக்கலன்களையே தாக்குகிறது. அதை அடக்கத்தான் இந்த மருந்தை ஏற்றுகிறார்கள். ‘ஊட்டம்’ என்று எழுதினால், ‘பிள்ளைக்குச் சத்துக் காணாதாம்’ என்றுதான் தாய் விளங்கிக்கொள்வாள்.

என் பரிந்துரை ‘கொடைப் பிறபொருளெதிரி’. பிறபொருளெதிரி நம் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிற சொல். கொடை என்பதைச் சேர்க்கக் காரணம், இது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த குருதியின் திரவவிழையத்திலிருந்து (plasma) பிரித்தெடுக்கப்படுவது. குருதிக்கொடை என்றால் எல்லோருக்கும் தெரியும். சிகிச்சையைச் சொல்ல ‘ஏற்றல்’ போதும். சேலைன் ஏற்றினது, இரத்தம் ஏற்றினது என்றுதானே பேசுகிறோம். உடல் நிறையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. 12 கிலோப் பிள்ளைக்கு 24 கிராம், 10 முதல் 12 மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதைப் போய் ‘ஊசி’ என்பது பொருந்தாது.

ஊசி என்ற சொல்லில் வேறொரு ஆபத்தும் உண்டு. வார்டில் ‘எதிர்ப்பு ஊசி’ என்று சொன்னால் அது வீட்டுக்குப் போகும்போது தடுப்பூசி ஆகிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் தாயால் அதைச் சரிபார்க்கவும் முடியாது. உண்மையில் இதை ஏற்றிய பிள்ளைக்கு எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். பிறர் தந்த பிறபொருளெதிரிகள் உடம்பில் இருக்கும்வரை அந்தத் தடுப்பூசியின் உயிருள்ள வைரசை அழித்துவிடும். இங்கே இலங்கையில் எம்.எம்.ஆர். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. கவசாக்கி பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருவது. இரண்டும் மோதும் வயது இது. ‘கொடை’ என்ற சொல் கண்ணில் பட்டாலே தாய் கிளினிக்கில் ‘இப்போது தடுப்பூசி போடலாமா’ என்று ஒரு கேள்வி கேட்பாள்.

அப்புறம், குருதிக்கலன்கள் அழற்சியடையும் இத்தகைய நோய்க்கு (vasculitis) தமிழகத்து நண்பர் சொன்ன ‘நாள அழற்சி’. அங்கே இரத்த நாளம் என்றால் எல்லாக் குழாயும் அடங்கும். இங்கே நாளம் இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுவருவது மட்டும், கொண்டுபோவது நாடி. கவசாக்கியில் பயப்பட வேண்டியது இதயத்துக்கே குருதி கொடுக்கும் முடியுருநாடி (coronary artery) புடைத்துப்போவதற்கே. மருந்து ஏற்றாவிட்டால் ஏறத்தாழ 25 சதவீதம் பிள்ளைகளுக்கு அது நேரும், காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஏற்றினால் சுமார் 4 சதவீதமாகக் குறையும். நாடியில் வருகிற நோய்க்கு நாளத்தின் பெயரை வைத்தால் இங்கே உயிரியல் படிக்கும் பிள்ளையே குழம்பும். ‘குருதிக்கலன் அழற்சி’ என்றால் இரு கரைக்கும் விளங்கும்.

சொல் நீளம் என்ற குறை நியாயம்தான். வைத்தியர்கள் தங்களுக்குள் ஐ.வி.ஐ.ஜி. என்றே பேசட்டும். பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்குத் தூர மாவட்டத்திலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த தாயின் கையில் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் இந்த நீளச் சொல் வர வேண்டும் என்பதே என் விருப்பம். ‘ஏற்றல்’, ‘ஏற்றம்’ இரண்டில் எது நல்லது என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து